கட்டிய தொட்டியைத் திறந்த கரிவரதர்

சாணி வழிக்கிற கையைப் பெருமாள் திரும்பிப் பார்ப்பாரா என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் யாராவது இருந்தால் முன்னால் வந்து உட்காருங்கள். உங்களுக்காகத்தான் இந்தக் கதை. பாதியில் எழுந்து போகிற சோலி மட்டும் வேண்டாம்.

அமராவதி ஆற்றுக்குத் தெற்கே கன்னுக்கரடு என்றொரு மொட்டைக் குன்று. அதன் பாதி உயரத்தில் கன்றுகாத்த பெருமாள் கோயில். கோயிலுக்குக் கீழே, கோயிலைவிட நீளமாக ஒரு கன்றுக் கொட்டில். அந்தக் கொட்டிலைக் கூட்டிப் பெருக்கி வந்தவர்தாம் கரிவரதர். பொழுது கிளம்பும்போதே சாணி வழித்து, மூத்திரம் தேங்கிய குழிகளில் சாம்பல் தூவி, "கோவிந்தா, எந்திரி சாமி" என்று ஒவ்வொரு கன்றையும் பெருமாள் பேரைச் சொல்லித்தான் எழுப்புவார். பிறகு சுனையில் முழுகி, நாமம் இட்டு, படியேறிக் கருடகம்பத்தருகே நின்றுவிடுவார். அதைத் தாண்டி ஓரடி வைத்ததில்லை. தீர்த்தம் கொடுக்கப் பட்டர் கூப்பிட்டாலும் போகமாட்டார்.

"ஏப்பா, உள்ள வந்து ஒரு வாய் தீர்த்தம் வாங்கறதுதானே?" என்று யாராவது கேட்டால், "என்ற கை மணம் எனக்கே தெரியுமுங்க. சாமிக்கு எதுக்கு அது?" என்பார். ஊர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டது. பணிவு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வேறொன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கோயிலின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மாட்டுப் பொங்கலன்றும், அதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று நாளும், சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் கன்று பிறந்தாலும் அது பெருமாளுக்குச் சொந்தம். ஈன்ற ஈரம் காய்வதற்குள் கன்றையும், தாய் மடியில் முதலில் கறந்த சீம்பாலையும் கரட்டுக்குக் கொண்டு வந்துவிடவேண்டும். சீம்பாலில் கன்று வாய் வைத்துவிட்டால் எச்சில். ஆகவே ஒரு சொட்டு கன்றுக்குக் காட்டாமல் அவ்வளவையும் பெருமாள் தலையில் ஊற்றுவார்கள். மஞ்சள் மஞ்சளாக, கெட்டியாக, அது சாமி மேல் வழிந்து, வடக்குச் சுவரில் இருக்கும் கோமுகம் வழியாக வெளியே விழுந்து கரட்டு மண்ணில் ஊறிப்போகும். தாயும் இல்லாமல் சீம்பாலும் இல்லாமல் கன்று கொட்டிலில் நிற்கும். ஊரார் கொண்டுவந்து ஊற்றும் பாலைக் கரிவரதர் கிண்ணியில் காட்டுவார்.

மூன்றாம் நாள், நான்காம் நாள், கழிச்சல் ஆரம்பிக்கும். மோர் போல வெள்ளையாக, தண்ணீராக, பின்னங்கால் நனைய நனையக் கழியும். உடனே கரிவரதர் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதற்குத் 'தொட்டி கட்டுவது' என்று பேர். கொட்டிலுக்கு வெளியே கன்றுகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியின் அடிவாயில் அடைத்திருக்கும் துணியைப் பிடுங்கித் தண்ணீரை வடிய விட்டு, வறண்ட தொட்டியின் குறுக்கே வேப்பங்கொத்து வைப்பார். கழிச்சல் நிற்கும்வரை அந்தக் கன்றுக்குத் தண்ணீர் கிடையாது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது ஊர்க் கணக்கு. நின்றால் பெருமாள் விட்டு வைத்தார். போனால் பெருமாளுக்குப் பிடித்துப் போய் எடுத்துக்கொண்டார். வருஷத்துக்குப் பத்துக் கன்றாவது பெருமாளுக்குப் பிடித்துப்போகும். கரட்டின் சரிவில் குழி தோண்டி, நாமம் சொல்லிப் புதைப்பதும் கரிவரதர்தாம்.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். பூவாத்தாள் என்று பேர், மூன்று வயது. ஒரு ஐப்பசி மாதம் அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். வருஷா வருஷம் செய்கிறவர் அல்லவா! குடித்தண்ணீர்ப் பானையைக் கவிழ்த்தார். அதன்மேல் வேப்பங்கொத்து வைத்தார். பெருமாளே துணை என்று குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து நாமம் சொன்னார். இரண்டாம் நாள் உச்சிவேளையில் குழந்தை தவழ்ந்து போய், மூலையில் கிடந்த காய்ந்த லோட்டாவை எடுத்து நாக்கால் நக்கிற்று. "அப்பா, துளியூண்டு" என்றது. நின்றுவிடும் கண்ணு, இன்னுங் கொஞ்ச நேரம் என்றார் இவர். சொன்ன மாதிரியே நின்றுவிட்டது.

அவர் அழவில்லை. பெருமாள் எடுத்துக்கொண்டார் என்றார். மறுநாள் கொட்டிலைக் கூட்டப் போய்விட்டார். அவருடைய மனைவி நாச்சம்மாளும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று தொட்டு ஒவ்வொரு நாளும் உச்சிக்கு ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு வாசற்படியில் வைப்பாள். பொழுது சாய்ந்தால், வைத்தது வைத்தபடி நிறைந்திருக்கும் சொம்பை எடுத்துத் துளசிச் செடிக்கு ஊற்றுவாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பதினொரு வருஷம் அந்த வீட்டில் அந்தப் பேச்சே இல்லை.

அந்த மௌனத்துக்குள்தான் சத்தம் வந்தது.

பகலில் பேய் வருமா என்று கேட்கிறவர்களுக்கு உச்சிவெயில் என்றால் என்ன என்று தெரியாது. கரட்டில் காக்கை கூடக் கத்தாத நேரம் அது. கொட்டிலில் எல்லாக் கன்றும் அசை போட்டுக் கிடக்கும். வெளியே, யாரும் இல்லாத கல்தொட்டியிலிருந்து, 'சளப்... சளப்...' என்று கேட்கும். ஈரமில்லாத நாக்கு கல்லில் உரசுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. தொட்டியின் அடியில் கைவைத்தால் வெயிலில் சுடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி 'சளப்'.

மற்றவர்கள் என்றால் மந்திரிக்கப் போயிருப்பார்கள். கரிவரதருக்கு அது தோன்றவே இல்லை. பெருமாள் கரட்டில் பெருமாளுக்குத் தெரியாமல் ஒரு சத்தம் கேட்குமா? கேட்கிறதென்றால் அவர் அனுப்புகிறார்; அனுப்புகிறார் என்றால் ஏதோ கேட்கிறார். "என்ன வேணுஞ் சாமி? எனக்கு வெளங்கலியே, வாயத் தொறந்து சொல்லு" என்று தொட்டியைப் பார்த்துக் கை கூப்பி நிற்பார். பயத்தில் முதுகு நனைந்திருக்கும். கை மட்டும் இறங்காது. இப்படிப் பதினொரு தை மாதம் போயிற்று.

பன்னிரண்டாம் தையில் கோமாரி ஊசி போட எஸ்தர் என்று ஒரு கால்நடை டாக்டர் வந்தார். நாங்குநேரிப் பக்கத்துப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று கொட்டிலுக்குள் நுழைந்தவர், ஊசியை எடுக்காமல் அப்படியே நின்றார். மூலையில் ஒரு கருப்புக் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, கழுத்தை மடக்கிக் கொண்டு படுத்திருந்தது. பிறந்து ஐந்து நாள்.

"எப்பத்துல இருந்து கழியுது, ஐயா?"

"நேத்து வெடிஞ்சதிலிருந்துங்க."

"வெளிய தொட்டியில தண்ணியக் காணலியே?"

"கட்டியிருக்குதுங்க. உள்ள போனாத்தானுங்களே வெளிய போவும்."

எஸ்தர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கன்றின் பக்கத்தில் குந்தி, கழுத்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். "எண்ணுங்க" என்றார். கரிவரதர் எண்ணினார். ஏழு எண்ணும்வரை தோல் கூடாரம் போல நின்று, அப்புறம்தான் மெல்லப் படிந்தது. "நல்ல கன்னுன்னா நீங்க ரெண்டு எண்ணுறதுக்குள்ள படிஞ்சிரும். கண்ணப் பாருங்க, குழிக்குள்ள போயிட்டு. இப்ப வாயில விரல வையுங்க." வைத்தார். கன்று பலமில்லாமல் சப்பியது. "சப்புது, வாயும் சூடா இருக்கு. அப்ப இது பிழைச்சுக்கிடும். சப்பாம வாய் சில்லுன்னு இருந்தா வாய்வழியா ஊத்தாதீய, நெஞ்சுக்குள்ள போயிரும். எனக்கு ஆள் அனுப்புங்க, ரத்தக் குழாயில ஏத்தணும்."

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சோடா உப்பு, மூன்று மேசைக்கரண்டி குளுக்கோஸ். வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. பாலையும் நிறுத்தக் கூடாது. பாலுக்கும் இதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடவேண்டும். பையிலிருந்து குளுக்கோஸ் டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, போகிற போக்கில் எஸ்தர் ஒரு வார்த்தை சொன்னார்.

"நோயிலயா இதெல்லாம் சாவுது? தாகத்துலல்லா சாவுது."

"அப்பிடிச் சொல்லாதீங்க!" என்று கத்தினார் கரிவரதர். கன்றுகளெல்லாம் வெருண்டு எழுந்தன. வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். "போங்கம்மா! ஊசி போட வந்தா ஊசியப் போட்டுட்டுப் போங்க!"

அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த அம்மாளுக்குப் புரியவில்லை, பாவம். தண்ணீர் கொடுத்தால் பிழைக்கும் என்று ஒத்துக்கொண்டால், கொடுக்காததால் செத்தது என்றும் ஒத்துக்கொள்ளவேண்டும். அப்போது பூவாத்தாளைப் பெருமாள் எடுக்கவில்லை. இந்தச் சுட்டிக் கன்றைக் காப்பாற்றவேண்டும் என்றால், பெற்ற மகளைத் தன் கையால் கொன்றேன் என்று முதலில் சொல்லவேண்டும். ஐயோ, எந்த மனிதனால் முடியும்? கம்பத்தைத் தாண்டித் தீர்த்தத்துக்குக் கை நீட்ட விடாத அந்த வேறொன்று இதுதான்.

உச்சி வந்தது. 'சளப்' என்றது தொட்டி. கரிவரதர் வழக்கம்போல எழுந்து போனார். இந்தத் தடவை தொட்டி காலியாக இல்லை. சுட்டிக் கன்று எப்படியோ நகர்ந்து வந்து, முன்னங்கால் இரண்டையும் மடித்து, தலையைத் தொட்டிக்குள் தொங்கவிட்டு, காய்ந்த கல்லை நக்கிக்கொண்டிருந்தது. வேப்பங்கொத்து அதன் கன்னத்தில் உரசிக் கொண்டிருந்தது. பதினொரு வருஷமாகக் கேட்ட அதே சத்தம். கூடவே, காதோடு காதாக, "அப்பா, துளியூண்டு" என்று கேட்டது.

"இதைத்தான் கேட்டியா சாமி?" என்று அலறினார். வேப்பங்கொத்தைப் பிடுங்கி எறிந்தார். சுனைக்கு ஓடினார், அடுப்பு மூட்டினார், கொதிக்க வைத்து ஆற்றினார், கலக்கினார். கன்றின் தலையை மடியில் வைத்து விரலைச் சப்பக் கொடுத்து, விரல் வழியாகவே வாய்க்குள் தண்ணீரை விட்டார். ஒவ்வொரு மடக்குக்கும் "பூவா, குடி கண்ணு" என்றார். பொழுது சாய்வதற்குள் ஐந்து தடவை கொடுத்தாயிற்று. மறுநாள் தோலைக் கிள்ளினால் மூன்று எண்ணுவதற்குள் படிந்தது. மூன்றாம் நாள் கன்று எழுந்து நின்று அவர் தொடையில் ஒரு முட்டு முட்டியது. அவர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து, பதினொரு வருஷத்து அழுகையையும் அழுதார்.

அதோடு சத்தம் நின்றுவிட்டது என்று நினைத்தீர்களா? நிற்கவில்லை. முன்பெல்லாம் உச்சிக்கு மட்டும் கேட்டது, இப்போது கண்ணை மூடினாலே கேட்டது. முன்பு அது யார் என்று தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்துவிட்டது. சரிவில் புதைத்த ஒவ்வொரு குழியையும் சுற்றிக்கொண்டு போனார்.

அந்த வருஷம் பன்னிரண்டு கன்றுக்குக் கழிச்சல் கண்டது. பத்தைக் காப்பாற்றினார். ஒன்றுக்கு வாய் சில்லிட்டிருந்தது. ஏழு மைல் ஓடி எஸ்தரைக் கூட்டி வந்து, குழாய் வழியாக மருந்து ஏற்றியும் போய்விட்டது. இன்னொன்று ஏன் போயிற்று என்று எஸ்தருக்கே தெரியவில்லை. கோபித்து அனுப்பிய அம்மாளிடமே மன்னிப்புக் கேட்டு, பாடமும் கேட்டார். கழிச்சல் கண்டதைத் தனியே பிரித்தார். நல்ல கன்றுகளுக்குப் பால் காட்டிய பிறகே நோய்க் கன்றுகளிடம் போனார். தரையைக் காயவைத்துச் சுண்ணாம்பு தூவினார். கைகழுவ மட்டும் சில சமயம் மறந்துவிடுவார். அது பின்னால் வந்து நின்றது.

ஊர் சும்மா இருக்குமா? குனிந்து சாணியைப் பார்க்கிறார், முகர்கிறார், நிறம் சொல்கிறார் என்று 'கழிச்சத் தாசன்' என்று பேர் வைத்தார்கள். "ஏனுங் தாசரே, எனக்குங் காலையில ஒரு மாதிரி இருந்துது, வந்து பாக்கறீங்களா?" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "தண்ணி நெறையக் குடிங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போவார். ஆனால் கோயில் தர்மகர்த்தா குப்பண்ணர் சிரிக்கவில்லை.

"என்றா கரிவரதா, கட்டுன தொட்டிய ஆரக் கேட்டுத் தொறந்த?"

"தாகத்துல கெடந்துதுங்க அய்யா."

"பெருமாள் எடுக்கறதப் புடுங்கறதுக்கு நீ ஆர்றா?"

சொல்லி எட்டு நாள் ஆகவில்லை, கரிவரதருக்கே வயிறு கண்டுவிட்டது. கன்றின் கழிச்சலில் சில வகை மனிதருக்கும் ஒட்டும் என்று எஸ்தர் முன்பே எச்சரித்திருந்தார். ஊருக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. பெருமாள் தண்டித்துவிட்டார் என்றது. குப்பண்ணர் கொட்டில் சாவியை வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வேறு எதை எடுத்திருந்தாலும் கரிவரதர் தாங்கியிருப்பார். அந்தச் சாவி போனதும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாச்சம்மாள் ஒரு சொம்பில் உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம் நாச்சா. அவளுக்குக் குடுக்காத தண்ணி எனக்கு எதுக்கு? நாந்தான் கொன்னேன்."

பதினொரு வருஷம் பேசாத பேச்சு அது.

"நீங்க பானையக் கவுத்தறப்ப நானும் பக்கத்துலதான நின்னேன்? என்ற கையி என்ன பண்ணுச்சு? ரண்டு பேருந்தான் பண்ணுனோம், தெரியாமப் பண்ணுனோம். இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சவிய வாய மூடிக்கிட்டுச் செத்துப் போனா, அவகிட்டப் போயி என்னன்னு சொல்லுவீங்க? குடிங்க" என்று அவர் தலையை மடியில் தூக்கி வைத்து ஊட்டினாள். அவர் குடித்தார். ஒவ்வொரு மடக்குக்கும் இருவரும் அழுதார்கள்.

எழுந்து நடமாட ஒரு மாதம் ஆயிற்று. கொட்டில் போனால் என்ன, காடு கரை போகவில்லையே? தோளில் ஒரு பையும் கையில் ஒரு கூஜாவுமாகப் பட்டி பட்டியாக நடந்தார். வெள்ளாட்டுக் குட்டி, செம்மறிக் குட்டி, கன்று, எதற்குக் கழிந்தாலும் போய் நிற்பார். தோலைக் கிள்ளி எண்ணுவார், வாயில் விரல் வைப்பார். பிறந்து நாலைந்து நாளுக்குள் வெள்ளையாகப் போனால் ஒன்று, ஒரு மாதக் குட்டிக்குச் சளியும் ரத்தமுமாகப் போனால் வேறொன்று என்று அவருக்குப் பிடிபட்டிருந்தது. "இது தண்ணியில மட்டுந் தீராதுங்க, மருந்து வேணும், டாக்டரம்மாகிட்டப் போலாம்" என்று குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். கூலி கேட்டதில்லை. எங்கே போனாலும் காதுக்குள் அந்தச் சத்தம் கூடவே போயிற்று. "கேட்டுட்டே இரு சாமி, நான் குடுத்துட்டே இருக்கறேன்" என்பார். தாகம் என்று அழைப்பவன் பெருமாள்தான் என்பதில் அவருக்குத் துளி ஐயம் கிடையாது.

அந்த வருஷத்தில் ஒருநாள் எஸ்தர் சொன்னார்: "ஐயா, தண்ணி காப்பாத்துது, சரிதான். ஆனா உங்க கோயில் கன்னுக்கு மட்டும் ஏன் இத்தன கழிச்சல்? சீம்பாலு இல்லாம வளருது, அதான். தாய் உடம்புல இருக்க சத்துப் பூரா அதுலதான் கன்னுக்கு வருது. பிறந்து ஆறு மணி நேரத்துக்குள்ள குடிச்சிரணும். நேரம் ஆக ஆக கன்னோட குடல் அதை ஏத்துக்கிடாது. நீங்க அதச் சாமிக்கு ஊத்துதிய."

கரிவரதர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்த மாட்டுப் பொங்கலுக்குக் கரட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். அடித்து விரட்டினாலும் கேட்டுவிடுவது. இல்லையென்றால் சரிவில் இன்னும் பத்துக் குழி.

மாட்டுப் பொங்கல் வந்தது. கரடு கொள்ளாத கூட்டம். பெருமாளுக்கு வந்த கன்று அன்று மட்டும் ஒன்பது. முதல் கன்று குப்பண்ணர் வீட்டுக் காராம்பசு அன்று விடிகாலை ஈன்றது. அதைத் தூக்கி வந்த குப்பண்ணர் வேட்டியில் ஈரம் காயவில்லை. ஒன்பது சொம்பில் சீம்பால் வரிசையாக இருந்தது. கரிவரதர் கருடகம்பத்தடியில் நின்றார். கை கூப்பினார்.

"அய்யா, ஒரே ஒரு வேண்டுதலுங்க. இந்தப் பால மொதல்லக் கன்னுக்குக் குடுங்க. மிச்சத்தப் பெருமாளுக்கு ஊத்துங்க."

"எச்சிலையா?" என்று கூட்டம் கொதித்தது. "கழிச்சத் தாசனுக்குப் புத்தியுங் கழிஞ்சுபோச்சு" என்றான் ஒருவன். குப்பண்ணர் கையை உயர்த்தி அடக்கினார். நியாயம் தவறக் கூடாது என்ற எண்ணம் அவருக்கும் உண்டு. "நீயுஞ் சொல்ல வேண்டாம், நானுஞ் சொல்ல வேண்டாம். பூ கேப்போம்" என்றார்.

பட்டர் பெருமாளின் இரண்டு தோளிலும் ஈரப் பூ வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். "கோவிந்தா" என்று கூட்டம் கூவியது. கரிவரதர் கண்ணை மூடிக்கொண்டார். வலப்பூவும் விழவில்லை, இடப்பூவும் விழவில்லை. வெயில் ஏறியது. காலையில் பிறந்த கன்றுகளுக்கு நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் குப்பண்ணர், "பெருமாள் சம்மதிக்கல. ஊத்துங்க" என்றார்.

ஊற்றினார்கள். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு. கரிவரதர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, "சாமி, சாமி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். உச்சிப்பூசை மணி அடித்து ஓய்ந்தது. கூட்டமும் ஒரு நொடி ஓய்ந்தது.

'சளப்... சளப்...'

இன்றைக்குமா? இங்கேயுமா? கண்ணைத் திறந்தார். பன்னிரண்டு வருஷமாக அவர் ஒருவர் காதில் மட்டும் விழுந்த சத்தத்துக்கு, கூட்டம் மொத்தமும் தலையைத் திருப்பியிருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றார் குப்பண்ணர்.

வடக்குச் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அங்கே, கயிற்றிலிருந்து எப்படியோ நழுவிய குப்பண்ணர் வீட்டுக் கன்று, ஆடுகிற நான்கு காலையும் அகட்டி ஊன்றி, கோமுகத்தைக் காம்பென்று வாய்க்குள் கவ்வி, பெருமாள் மேனியிலிருந்து வழிந்து வரும் வெதுவெதுப்பான சீம்பாலைக் குடித்துக்கொண்டிருந்தது. வால் படபடவென்று ஆடியது. பால் குறைந்தபோது தாய் மடியை முட்டுவதுபோலக் கல்லை ஒரு முட்டு முட்டியது. உள்ளே பட்டர் அடுத்த சொம்பை ஊற்றியிருப்பார் போலும். கல் மறுபடி சுரந்தது.

குப்பண்ணருக்குக் கண் கலங்கிவிட்டது. "அடப் பாவிகளா, பூ விழுகலீன்னு சொன்னமே! பெருமாளே மடி வெச்சுக் குடுக்கறாருடா!" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். "பட்டரே, நிறுத்துங்க! ஊத்தாதீங்க! பாலக் கீழ கொண்டாங்க!"

மிச்சமிருந்த சொம்புகள் கன்றுகளிடம் வந்தன. கரிவரதரைத் தேடிப் பிடித்துக் கொட்டில் சாவியை அவர் மடியில் வைத்தார் குப்பண்ணர். அன்று ஒன்பது கன்றும் அவர் விரலைச் சப்பிச் சீம்பால் குடித்தன. அந்த வருஷம் சரிவில் ஒரு குழி கூடத் தோண்டவில்லை. இன்றைக்கும் அந்தக் கோயிலில் கன்று குடித்த மிச்சம்தான் பெருமாளுக்கு; அதுவும் ஓர் உள்ளங்கை அளவு. செய்தி கேட்ட எஸ்தர் மட்டும், "அந்தக் கோமுகத்த யாராச்சும் கழுவியிருந்தீயளா?" என்று கேட்டாராம். பூ விழுந்ததா என்று கேட்பீர்கள். விழவில்லை. சாயங்காலம் பட்டர்தான் எடுத்துப் போட்டார். வாய் திறந்து சொல்லிவிட்டவருக்குப் பூ எதற்கு?

கன்றுகள் வயிறு நிறைந்து படுத்த பிறகு பட்டர் வெளியே வந்து, கருடகம்பத்தடியில் இருந்தவரைக் கைப்பிடித்து எழுப்பினார். சாணியும் சீம்பாலும் காயாத கை. "இந்தக் கையோடு வாங்கோ" என்றார். கரிவரதர் முதன்முதலாகக் கம்பத்தைத் தாண்டினார். பெருமாள் முன்னால் நின்று உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். விழுந்த தீர்த்தத்தை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "பூவா, அப்பன் குடிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார்.

வீட்டுக்குப் போனபோது நாச்சம்மாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சொம்பு.

"ஏனுங், உச்சிக்கு நெறைய வெச்சனுங்க. இந்த எடத்த விட்டு நான் எந்திரிக்கவே இல்ல. காக்கா வருல, நாய் வருல." அவள் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. உள்ளே துடைத்தெடுத்ததுபோலக் காய்ந்திருந்தது.

இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். கரிவரதர் காதைக் கொடுத்துக் கேட்டார். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு அவர் இருந்த இருபத்திரண்டு வருஷமும் எந்த உச்சியிலும் அது கேட்கவே இல்லை.

தன் தவற்றைத் தன் வாயால் சொல்லி, சொன்ன வாய் காயும் முன் பிற உயிரின் வாயை நனைத்த கரிவரத தாசருக்கு அடியேன். உங்கள் வீட்டில் கன்றோ குட்டியோ கழிந்து கிடந்தால், அவர் பேரைச் சொல்லி முதலில் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.